அந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது வரவேண்டும்

மும்பை செம்பூரில் இருந்துகொண்டு, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதுகலை மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்துகிறேன். இணையம் வழியே, நேரலையாக, மாலை ஏழரைக்கு மேல். மாணவர்களில் பெரும்பாலானோர் வேலைக்குப் போகிறவர்கள். திருநெல்வேலி, விருதுநகர், தருமபுரிப் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம். தாராவியிலும் டோம்பிவிலியிலும் குடியிருக்கும் மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளும் சிலர் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லாரையும் போல அவசரத்துக்குத் தொடங்கியது. அப்புறம் அதுவே என் வேலையாகிவிட்டது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற நண்பர்கள் கேட்பதெல்லாம் என்ன கேமரா வாங்கலாம், எந்தச் செயலி நல்லது, பின்னால் பச்சைத் துணி கட்டவேண்டுமா என்பதுதான். அதெல்லாம் பிறகு. நான் என் வகுப்பின் ஒவ்வொரு ஏற்பாட்டையும் ஒரே கேள்வியால்தான் சோதிக்கிறேன்: மாணவர் பக்கத்திலிருந்து எனக்கு என்ன வருகிறது? ஒன்றும் வரவில்லை என்றால் நேரலை எதற்கு? 2003-இல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. புள்ளியியலை என்னைவிட நன்றாக நடத்துகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். புரியாத இடத்தில் நிறுத்தி, திரும்ப ஓட்டி, தோதான நேரத்தில் பார்க்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு, வேலை முடித்த களைப்போடு ஒருவர் ஏழரை மணிக்கு என் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தால், அவரிடமிருந்து எதையாவது வாங்கிப் பார்த்து, அடுத்து நான் பேசப்போவதை மாற்றிக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாத ஆசிரியருக்குச் சம்பளம் தருவது வீண் என்றே நினைக்கிறேன்.

இந்தச் சிக்கல் இணையத்தோடு வந்தது இல்லை. 1975–76-இல் இஸ்ரோ, நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் மூலம் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அனுப்பியது. 1984 ஆகஸ்ட் 15-இலிருந்து யுஜிசி தூர்தர்ஷனில் கல்லூரிப் பாடங்களை ஒளிபரப்பியது. அனுப்புவதில் குறையே இல்லை. பார்க்கிறவருக்குச் சந்தேகம் வந்தால் என்ன செய்வார் என்பதுதான் கேள்வி. 2004-இல் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டபோது, மாணவர்கள் திரும்பப் பேசுவதற்கான கருவிகளையும் சேர்த்தே திட்டமிட்டார்கள். என் நாத்தனார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழியில் பி.காம். முடித்தவர். புத்தகக் கட்டு தபாலில் வந்துவிடும், அதில் குறையில்லை, சனி ஞாயிறு நேர்முக வகுப்புக்காகத்தான் காத்துக்கிடந்தேன் என்பார். "அங்க போனாத்தான் நாலு வார்த்தை கேக்க முடியும்."

சரி, ஏற்பாடுகளுக்கு வருகிறேன். முதல் செலவு காதுக்கு. படம் விட்டு விட்டு வந்தால் மாணவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் அறுந்து அறுந்து வந்தால் ஐந்து நிமிடத்தில் மனசு வேறெங்கோ போய்விடும். ஒயர் வைத்த, வாய்க்குப் பக்கத்தில் மைக் வருகிற ஹெட்செட் போதும். புளூடூத் வசதிதான், ஆனால் அதன் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால் பெரும்பாலானவற்றில் ஒலி பழைய தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். லேப்டாப்பில் இருக்கிற மைக் வேண்டவே வேண்டாம். மின்விசிறி, குக்கர் விசில், வாசல் மணி எல்லாவற்றையும் என் குரலுக்குச் சமமாக மதிக்கிறது அது.

மும்பைக்கு என்று தனியாகச் சில சத்தங்கள் உண்டு. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பின்னால் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடித்துக் கட்டும் ரீடெவலப்மெண்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பகல் முழுக்க டிரில்லிங். நான் மாலை வகுப்பைக் கேட்டு வாங்கியதற்கு மாணவர்களின் வேலை நேரம் ஒரு காரணம், இது இன்னொரு காரணம். கணபதி விசர்ஜன நாட்களில் டோல் தாஷா மேளம் தெருவுக்குள் வந்துவிட்டால் எந்த மைக்கும் தாங்காது. பருவத் தொடக்கத்தில் அட்டவணை போடும்போதே காலண்டரைப் பார்த்து அந்த மாலைகளை விட்டுவிடுகிறேன். ஜூலை மழைக்கு அப்படிக் காலண்டர் கிடையாது.

அடுத்தது இணைப்பு. இதில்தான் பலர் தேவையில்லாமல் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஜூம் வெளியிட்டிருக்கும் கணக்குப்படி, ஒலிக்கு மட்டும் 60 முதல் 80 கேபிபிஎஸ் போதும் (ஆயிரம் கேபிபிஎஸ் சேர்ந்தது ஒரு எம்பிபிஎஸ்). திரைப் பகிர்வுக்கு 50 முதல் 75. ஆசிரியர் முகமும் நல்ல தெளிவில் போகவேண்டுமென்றால் ஒன்றிரண்டு எம்பிபிஎஸ். இதற்கு 100 எம்பிபிஎஸ் திட்டமே பல மடங்கு அதிகம். வகுப்பை அறுப்பது வேகக் குறைவு இல்லை. அனுப்பிய தரவு வழியில் தொலைவதும், தாறுமாறாகப் பிந்திப் பிந்திப் போய்ச் சேருவதும்தான். அதற்குப் பெரும்பாலும் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் மூன்றுதான். மும்பை மாதிரி நெருக்கமான கட்டடத்தில் மேலே, கீழே, எதிரே என்று எல்லா வீட்டு ரூட்டரும் அந்த மூன்றுக்குள் இடித்துக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. ரூட்டரிலிருந்து மேசைவரை லேன் கேபிள் ஒன்று இழுத்துவிடுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். மாமியார் தடுக்கிவிடக் கூடாதே என்று நான் கதவு நிலையை ஒட்டிக் கிளிப் அடித்துக் கொண்டுபோயிருக்கிறேன். கேபிளுக்கு வழியே இல்லாத வீடானால், ரூட்டர் இருக்கிற அறையிலேயே உட்கார்ந்து 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள்.

ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து ஒரு மினி யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். வாங்கும் முன் இரண்டின் அடாப்டரிலும் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும், எப்போதும் இல்லை. மும்பையில் மின்சாரம் அவ்வளவு போகாதே என்று கேட்பார்கள். 2020 அக்டோபர் 12 காலை பத்து மணி வாக்கில் மும்பை, தாணே, நவி மும்பை எல்லாம் மொத்தமாக இருண்டது நினைவிருக்கும். லோக்கல் ரயில்கள் நின்றுபோயின. அன்று எனக்குக் காலை வகுப்பு. வகுப்பு பாதியில் இருக்கும்போது நான் மறைந்துபோனேன். செல்போனிலும் இணைப்பு நிற்கவில்லை. மத்தியானம் வாட்சப் திறந்தபோதுதான் தெரிந்தது, தமிழ்நாட்டில் இருந்த பிள்ளைகள் வகுப்பைக் கலைக்கவே இல்லை. அறிவித்திருந்த கணக்கைப் போட்டுப் பார்த்து, ஒருவர் விடையை மற்றவர் திருத்தி, கடைசியில் எனக்கு நான்கு கேள்விகளையும் எழுதிவைத்திருந்தார்கள்.

அது தற்செயலாக நடந்ததில்லை. பருவத்தின் முதல் வகுப்பிலேயே ஒரு விதியை எழுதிக் கொடுத்துவிடுகிறேன்: மேடம் காணாமல் போனால் ஐந்து நிமிடம் காத்திருங்கள், வரவில்லையென்றால் அன்றைய தாளின் கடைசிக் கணக்கை வகுப்புத் தலைவர் நடத்துவார். இதற்காகவே ஒவ்வொரு தாளின் கடைசியிலும், அவர்களே போட்டுவிடக்கூடிய ஒரு கணக்கை வைக்கிறேன். கூடவே என் பழைய செல்போன் ஒன்று, மொபைல் டேட்டாவில், துணை நடத்துநராக எப்போதும் வகுப்பில் இருக்கும். ஃபைபர் அறுந்தால் கூட்டம் மூடாமல் அதன் கைக்குப் போகும். மாணவர்கள் என்னை எப்படிப் பார்க்கிறார்கள், எவ்வளவு பிந்திப் பார்க்கிறார்கள் என்பதும் அதில் தெரியும். அதன் மைக்கையும் ஒலியையும் அணைத்துவைக்க மறந்தால் வகுப்பு முழுக்க ஊளைச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

இதெல்லாம் என் பக்கம். கடினமானது அவர்கள் பக்கம். நாளுக்கு 1.5 ஜிபி கிடைக்கும் பிரீபெய்டு திட்டத்தில் ஒரு வீட்டில் அக்காவும் தம்பியும் ஒரே போனில் படிக்கிறார்கள் என்று வையுங்கள். ஒன்றரை மணி நேர வகுப்பில் என் முகத்தை 1.2 எம்பிபிஎஸ்ஸில் அனுப்பினால் ஒரு மாணவருக்கு 810 எம்பி செலவு. அன்றைய டேட்டாவில் பாதிக்கு மேல் என் முகத்துக்கே போய்விட்டது. முகத்தை நிறுத்திவிட்டு, ஒலியும் திரைப் பகிர்வும் மட்டும் என்றால் 105 எம்பிக்குள் முடிந்துவிடும். அதனால் முதல் ஐந்து நிமிடம் முகம் காட்டி, நலம் விசாரித்து, அணைத்துவிடுகிறேன். பிறகு மறுபடி முகம் கடைசி ஐந்து நிமிடம்தான். ஆசிரியர் முகம் தெரிந்தால்தான் நெருக்கம் வரும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். இருக்கலாம். டேட்டா தீர்ந்து பாதியில் வெளியேறுகிறவருக்கு அந்த நெருக்கத்தால் என்ன பயன்?

முகத்தை நிறுத்தியபின் என் பேச்சே மாறவேண்டியிருந்தது. "இங்க பாருங்க", "இதை அங்க கொண்டுபோனா" என்ற பேச்செல்லாம் ரயிலில் ஒற்றைக் காதில் கேட்டுக்கொண்டு வரும் பையனுக்கு ஒன்றும் சொல்லாது. ஹார்பர் லைனில் வேலையிலிருந்து திரும்பிக்கொண்டே வகுப்பில் இருப்பவர்கள் எனக்கு எப்போதும் ஒன்றிரண்டு பேர் உண்டு. வகுப்புக்கு முன்பே, ஒரு எம்பிக்குள் அடங்கும் பிடிஎஃப் ஒன்றை வாட்சப்பில் அனுப்பிவிடுகிறேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் எண், ஒவ்வொரு வரிக்கும் எண். "பக்கம் 4, வரி 3: இங்கே சராசரியைக் கழிக்கிறோம்" என்று சொல்லித்தான் நகர்கிறேன். வானொலியில் கிரிக்கெட் வர்ணனை செய்கிறவர் போலப் பேசப் பழகிக்கொண்டேன். படம் உறைந்துவிட்டாலும் பாடம் நிற்பதில்லை.

எழுதிக் காட்டப் பேனா டேப்லெட் இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் இரண்டு எவர்சில்வர் டப்பாக்களை அடுக்கி, மேலே ஒரு அளவுகோலை நீட்டி, அதில் போனைக் கவிழ்த்துக் கட்டிவிடலாம். கீழே வெள்ளைத்தாள், தடித்த மார்க்கர். என் தோழி ஒருவர் ஒரு பருவம் முழுக்க இப்படியே ஓட்டினார். முடிந்தவரை கேமரா வழியைவிடத் திரைப் பகிர்வே மேல். அசையாத எழுத்தைத் திரைப் பகிர்வு கூர்மையாகக் காட்டும். இணைப்பு இளைத்தால் கேமராப் படம்தான் முதலில் மங்கும். ஒரு பக்கத்தில் ஆறேழு வரிக்கு மேல் வேண்டாம். உங்கள் ஸ்லைடை உங்கள் போனிலேயே திறந்து கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள். படிக்கமுடியாத எழுத்தைக் கணினித் திரையில் பார்த்து நாமே மெச்சிக்கொள்கிறோம்.

இப்போது திரும்பி வருவதைப் பற்றி. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "யெஸ் மேடம்". அதுவும் இரண்டு பேரிடமிருந்து, எப்போதும் அதே இரண்டு பேர். அந்தக் கேள்வியையே நான் விட்டுவிட்டேன். பதில் சொல்ல எதையாவது செய்தே ஆகவேண்டிய கேள்விகளை மட்டும் கேட்கிறேன்: ஒரு எண், ஒரு தேர்வு, ஒரு வரி.

கேட்டபின் காத்திருக்கவும் தெரியவேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். அது நேர் வகுப்புக் கணக்கு. இணையத்தில் மூன்று விநாடி எந்த மூலைக்கு? என் குரல் அங்கே போய்ச் சேர நேரமாகும். தொலைபேசி உரையாடல் இயல்பாக இருக்க ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருக்கவேண்டும் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை இருக்கிறது. நெரிசலான மொபைல் இணைப்பில் அது எளிதாக மீறப்படும். அப்புறம் மாணவர் யோசிக்கவேண்டும், மியூட்டை எடுக்கவேண்டும், அதற்கு முன் பின்னால் யாராவது கத்துகிறார்களா என்று பார்க்கவேண்டும். நான் பத்து விநாடி பொறுக்கிறேன். சும்மா இருக்க முடியாது என்பதால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறேன். தொடக்கத்தில் அந்த நிசப்தம் கொல்லும். பழகிவிடும்.

சாட்டில் இரண்டு பழக்கங்கள் நன்றாக வேலை செய்கின்றன. ஒன்று, விடையைத் தட்டிவைத்துக்கொள்ளுங்கள், நான் "அனுப்பு" என்று சொன்னபின் எல்லாரும் ஒரேயடியாக அனுப்புங்கள் என்பது. இல்லையென்றால் முதலில் வரும் விடையையே மீதிப் பேர் பார்த்து எழுதுவார்கள். எனக்கு அறுபது விடை வந்த மாதிரி இருக்கும், வந்தது ஒன்றுதான். இரண்டு, சாட்டை ஆசிரியருக்கு மட்டும் தெரியும்படி வைப்பது. இந்த ஓர் அமைப்பை மாற்றியதும் வந்த வித்தியாசம் எனக்கே வியப்பு. அதுவரை வாயே திறக்காத பெண்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள், அதுவும் நல்ல கேள்விகளாக. தப்பாகக் கேட்டால் குழுவில் எவனாவது சிரிப்பான் என்ற பயம்தான் அவ்வளவு நாளும் தடுத்திருக்கிறது. கேட்டவர் பெயரைச் சொல்லாமல், கேள்வியை மட்டும் வாசித்துப் பதில் சொல்வேன்.

நேர் வகுப்பைவிட இணைய வகுப்பு ஒருபடி மேல் என்று நான் அடித்துச் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. பூவா தலையா. வகுப்பை இரண்டாகப் பிரிப்பேன். ஒற்றைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் நாணயத்தை உண்மையாகவே 20 முறை சுண்டி, தலைக்கு 1, பூவுக்கு 0 என்று வரிசையாக எழுதவேண்டும். இரட்டைப்படைக்காரர்கள் நாணயத்தைத் தொடாமல், சுண்டியது போலவே மனசிலிருந்து எழுதவேண்டும். எல்லாம் ஒரு கூகுள் படிவத்தில் வந்து விழும். எனக்கு யார் பிறந்தநாள் என்றைக்கு என்று தெரியாது. எது நிஜம், எது கற்பனை என்று நான் கண்டுபிடிப்பேன் என்று சவால்.

ஒரு பருவத்தில் தாராவிப் பையன் ஒருவன், "மேடம், வீட்டுல காயினே இல்ல, எல்லாம் யுபிஐ" என்றான். கடைசியில் பாட்டியின் சுருக்குப் பையிலிருந்து இரண்டு ரூபாய் கிடைத்தது. பாட்டி அதை எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டதையும் எல்லாரும் கேட்டோம்.

கண்டுபிடிக்கும் சூத்திரம் எளிது. கற்பனையாக எழுதுகிறவர்கள் ஒரே பக்கம் தொடர்ந்து நான்கு முறை விழுவதை எழுதத் தயங்குவார்கள். 'தற்செயல்' என்றால் மாறி மாறித்தான் வரும் என்று மனசு நினைக்கிறது. உண்மையில் 20 முறை சுண்டினால், எங்கேயாவது நான்கு பூவோ நான்கு தலையோ அடுத்தடுத்து விழுவதற்கான வாய்ப்பு சுமார் 77 சதவீதம். விரிதாளில் 0000 அல்லது 1111 இருக்கிற வரிசைகளை ஒரே கட்டளையில் பிரித்துவிடலாம். இருந்தால் நிஜம், இல்லையென்றால் கற்பனை. அறுபது பேரின் முடிவும் அரை நிமிடத்தில் திரையில். வகுப்பறையில் அறுபது தாளை வாங்கி இதைச் செய்ய ஒரு மணி நேரமாகும், அதற்குள் சுவாரசியம் போய்விடும்.

அப்புறம்தான் பாடமே தொடங்கும். நிஜமாகச் சுண்டியவர்களில் சிலருடைய வரிசையில் நான்கு தொடர்ச்சி வந்திருக்காது. அவர்களையும் நான் கற்பனைக்காரர்கள் பக்கம் தள்ளியிருப்பேன். மியூட்டை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். "மேடம், சத்தியமா சுண்டினேன் மேடம்!" கற்பனைக்காரர்களில் விவரமான இரண்டு பேர் வேண்டுமென்றே 1111 எழுதித் தப்பித்திருப்பார்கள், அவர்கள் சாட்டில் சிரிப்பார்கள். கருதுகோள் சோதனையில் முதல்வகைப் பிழை, இரண்டாம்வகைப் பிழை என்று புத்தகம் சொல்வதை இதைவிட நன்றாக நான் எப்படி விளக்க முடியும்? நிரபராதியைச் சந்தேகப்பட்டது முதல் வகை, ஏமாற்றியவரைத் தப்பவிட்டது இரண்டாம் வகை. நாலு தொடர்ச்சிக்குப் பதில் ஐந்து தொடர்ச்சி என்று விதியை இறுக்கினால் என்ன ஆகும் என்று அவர்களே கேட்பார்கள். இறுக்கிக் காட்டுவேன். நிரபராதிகள் இன்னும் அதிகமாக மாட்டுவார்கள்.

கூடவே இன்னொரு படமும் கிடைக்கிறது. நிஜமாகச் சுண்டியவர்களின் தலை எண்ணிக்கையை மட்டும் வரைந்தால் 10-ஐச் சுற்றிக் குவியல் விழும். 6 முதல் 14 வரைக்குள் விழுவது 100-க்கு 96. கற்பனைக்காரர்களின் குவியல் பெரும்பாலும் 9, 10, 11 என்று ஒடுங்கிவிடும். சிதறல் என்பது என்ன என்று அதற்குப் பிறகு நான் சொல்லவேண்டியதே இல்லை.

வகுப்பைச் சிறு சிறு கூட்டமாகப் பிரித்துவிடும் குழு அறைகள் எனக்குப் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. ஐந்து பேர் கொண்ட அறையில் மூன்று பேர் மியூட்டில், ஒருவர் இணைப்பு போய், ஒருவர் மட்டும் தனியாகப் பேசிக்கொண்டிருப்பார். இருவர் அறையாக வைத்து, நான்கே நிமிடம், வெளியே வரும்போது ஒரு எண்ணைக் கொண்டுவரவேண்டும் என்றால் ஓரளவு நடக்கிறது.

கேமராவைப் போடச் சொல்லி வற்புறுத்துவதில்லை. ஒற்றை அறை வீட்டில் அம்மா சமைத்துக்கொண்டும் தங்கை தூங்கிக்கொண்டும் இருக்கும்போது கேமராவைப் போடு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? போட்டாலும் கண் வேறு செயலியில் இருக்கலாம். வருகைப் பதிவுக்கு நான் நம்புவது வகுப்பு முடியும்போது கேட்கும் ஒற்றைக் கேள்வியை. அன்றைய பாடத்தில் இருந்தவர் அரை நிமிடத்தில் எழுதிவிடுவார். உள்ளே நுழைந்து போனைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனவரால் முடியாது. பல்கலைக்கழகத்துக்குச் செயலியின் வருகைப் பட்டியலை அனுப்புகிறேன், அது அவர்கள் கேட்பது. இந்தப் பதில்கள் எனக்கு. எத்தனை பேர் தவறாக எழுதினார்கள் என்று பார்த்துத்தான் மறுநாள் எங்கே தொடங்குவது என்று முடிவு செய்கிறேன்.

மாணவர்கள் சந்தேகம் கேட்கும் நேரத்தில் வகுப்பின் ரெக்கார்டிங்கை நிறுத்திவிடுவேன், நிறுத்திவிட்டேன் என்று வாயாலும் சொல்வேன். பதிவு ஓடும்போது கேட்கப்படும் கேள்விகளும், நின்றபின் வரும் கேள்விகளும் ஒன்றாக இருப்பதில்லை.

தேர்வு விஷயத்தில் கண்காணிப்புச் செயலிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. மாணவரின் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட, பார்த்து எழுதினாலும் பயனில்லாத வினாத்தாளை அமைப்பது எளிது. புள்ளியியலில் அது இன்னும் எளிது. பதிவு எண்ணின் கடைசி இலக்கங்களை வைத்து ஒவ்வொருவருக்கும் வேறு வேறு தரவை விரிதாளே உருவாக்கித் தரும். கேள்வி ஒன்றே, எண்கள் வேறு, சில சமயம் முடிவே எதிர்மாறாக இருக்கும். பக்கத்து வீட்டு நண்பனின் விடையை எழுதினால் அப்படியே தெரிந்துவிடும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் விளக்கம் எழுதச் சொல்லும் பகுதிக்கு வீட்டுத்தேர்வில் மதிப்பில்லாமல் போனது. அதை வாய்மொழித் தேர்வுக்கு மாற்றிவிட்டேன். ஆளுக்கு ஆறு நிமிடம். அவரே அனுப்பிய விடைத்தாளைத் திரையில் வைத்து, "மூணாவது வரியில ஏன் 19-ஆல வகுத்தீங்க, 20-ஆல ஏன் இல்ல?" என்று கேட்டால் போதும். எழுதியவர் சொல்லிவிடுவார். அறுபது பேருக்கு ஆறு மணி நேரம் ஆகிறது, சில மாலைகளாகப் பிரித்துக்கொள்ளவேண்டும். இந்த ஆறு மணி நேரத்துக்கும் ஊதியம் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்காவிட்டால் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

கேட்கவேண்டிய இன்னொன்று பதிவுகள் பற்றியது. கௌரவ விரிவுரையாளராகச் சேரும்போது பலரும் ஊதியத்தை மட்டும் பேசிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நான் நடத்திய ஓரிடத்தில், பருவம் முடிந்ததும், "மேடம், இந்த வருஷ ரெக்கார்டிங்கையே அடுத்த பேட்சுக்கும் போட்டுக்கலாமா? நீங்க சிரமப்பட வேண்டாம்" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்கள். அதே அட்டவணை, அதே 'நேரலை வகுப்பு' என்ற தலைப்பு, உள்ளே ஓடப்போவது போன வருடத்து நான். போன வருடம் நாணயப் பாடத்தில் சண்டைக்கு வந்த பையனிடம் நான் பேசுவதை இந்த வருடப் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்கவேண்டும்.

மறுத்துவிடவில்லை. பதிவைப் பாடமாகப் போடலாம், அப்படியென்றால் அதைப் பதிவு என்றே அட்டவணையில் எழுதவேண்டும். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் நான் நேரலையில் வந்து கணக்குகளும் சந்தேகங்களும் நடத்துவேன், அதற்குத் தனி ஊதியம். மாணவர் குரலோ பெயரோ வரும் இடங்களை வெட்டிவிட்டுத்தான் பதிவைத் தருவேன் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் பதில் இல்லை. பிறகு ஒத்துக்கொண்டார்கள், ஊதியத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து. இப்போது எந்த ஒப்பந்தம் வந்தாலும் இந்த மூன்றையும் முதல் பக்கத்திலேயே சேர்க்கச் சொல்கிறேன்.